உலகக் கோப்பையின் தலைவாயில்

மக்கள் ஆடும் ஆட்டங்களுள் கால்பந்தாட்டத்தினும் எளியது காண்டல் அரிது. ஒரு பந்தும் ஒரு திடலும் இருந்தால் போதும். செல்வச் சிறுவனும் ஏழைச் சிறுவனும் ஒருங்கே நின்று ஆடலாம். இவ்வெளிமை காரணமாகவே அது கண்டந்தோறும் பரவி, இன்று உலகப் பொது ஆட்டமாய் விளங்குகிறது. நான்காண்டுகட்கு ஒருமுறை நடைபெறும் உலகக் கோப்பைப் போட்டி அவ்வாட்டத்தின் பெருந்திருவிழா எனலாம். அத்திருவிழாவைக் கண்டு களிப்போர் கோடிக்கணக்கினர். ஆயினும், அதனுள் ஒரு நாடு எங்ஙனம் நுழைகின்றது, அந்நுழைவாயிலின் அகலத்தை அளந்து வைத்தவர் யாவர் என்று எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே.

உலகக் கால்பந்தாட்டத்தை ஆளும் கழகம் ‘ஃபிஃபா’ என்னும் சுருக்கப் பெயரால் வழங்கும். 1904-ஆம் ஆண்டு பாரிசு நகரில் தோன்றிய அக்கழகத்தில் இந்நாளில் 211 நாட்டுக் கழகங்கள் உறுப்பினவாய் உள்ளன. அத்துணை நாடுகளும் ஓரிடத்தே கூடி ஆடுதல் இயலுமோ? இயலாது. ஆதலின் தகுதிப் போட்டிகள் வேண்டப்பட்டன. 1998 முதல் 2022 வரை உலகக் கோப்பையில் 32 நாடுகள் ஆடின. 2026-ஆம் ஆண்டுப் போட்டிக்கு அத்தொகை 48 ஆக உயர்த்தப்பட்டது. அவ்விடங்கள் கண்டவாரியாகப் பகுக்கப்பட்டன. ஐரோப்பாவிற்கு 16, ஆப்பிரிக்காவிற்கு 9, ஆசியாவிற்கு 8, தென்னமெரிக்காவிற்கு 6 என இடங்கள் அமைந்தன. வட, நடு அமெரிக்கப் பகுதிக்கு, போட்டியை நடத்தும் மூன்று நாடுகளையும் சேர்த்து, 6 இடங்கள் கிடைத்தன. பசிபிக் தீவுகளை உள்ளடக்கிய ஓசியானியாவிற்கு ஓரிடம். எஞ்சிய இரண்டிடங்கள், வெவ்வேறு கண்டத்து அணிகள் தம்முள் மோதிப் பெறுதற்கென விடப்பட்டன.

ஒவ்வொரு கண்டமும் தன் பங்கினைத் தன் முறைப்படி ஆடிப் பகிர்ந்துகொள்ளும். தென்னமெரிக்காவில் பத்து நாடுகளே உள. ஆதலின் ஒவ்வொரு நாடும் ஏனைய ஒன்பதோடும் தன் மண்ணில் ஒருமுறையும் எதிரியின் மண்ணில் ஒருமுறையுமாகப் பதினெட்டு ஆட்டம் ஆடும். இம்முறை நேரியதே. எனினும், கடல் மட்டத்திற்கு மேல் 3,600 மீட்டருக்கும் உயரமான லா பாஸ் நகரிற்குச் சென்று பொலிவியாவோடு ஆடும் சமவெளி வீரர்கள், முற்பாதி முடியுமுன்னரே மூச்சு வாங்கி நிற்பதைக் கண்டோர், மண்ணும் ஓர் ஆட்டக்காரனே என்பதை உணர்வர். ஆப்பிரிக்காவிலோ நாடுகள் மிகப் பல. 2026-ஆம் ஆண்டுப் போட்டிக்காக அவை ஒன்பது பிரிவுகளாக வகுக்கப்பட்டன. வெற்றிக்கு மூன்று புள்ளி, சமநிலைக்கு ஒன்று, தோல்விக்கு ஒன்றுமில்லை என்பது கணக்கு. பிரிவின் முதலிடம் பெற்ற அணியே நேராக நுழையும். இரண்டாமிடத்தார்க்குள் சிறந்த நால்வர் மட்டும் மேலும் போராடலாம். போட்டியை நடத்தும் நாட்டிற்குத் தகுதிப் போட்டி இல்லை. முன்னைக் கோப்பையை வென்ற நாட்டிற்கும் 2002 வரை அச்சலுகை இருந்தது; பின்னர் அது நீக்கப்பட்டது. பழம்பெருமை இவ்வாயிலில் செல்லாது என்பதற்கு இத்தாலி ஒரு சான்று. நான்கு முறை கோப்பை வென்ற அந்நாடு 2018-லும் 2022-லும் தகுதிப் போட்டியிலேயே தோற்று, வீட்டில் இருக்க நேர்ந்தது.

இங்ஙனம் ஆப்பிரிக்காவிற்கு ஒன்பது இடங்கள் என்று எழுதுதல் இன்று எளிது. 1964-ஆம் ஆண்டில் அப்பெருங்கண்டத்திற்குத் தனக்கென்று ஓரிடமும் இல்லை. ஒன்றுமில்லாத இடத்தில் ஒன்று தோன்றிய வரலாறே ஈண்டு அறியத்தக்கது.

முதல் உலகக் கோப்பை 1930-இல் தென்னமெரிக்காவின் உருகுவே நாட்டில் நிகழ்ந்தது. அன்று தகுதிப் போட்டி என்பதே கிடையாது. அழைப்பை ஏற்று வந்தவரெல்லாம் ஆடினர். வந்தவை 13 நாடுகளே. ஐரோப்பாவினின்று அட்லாண்டிக் பெருங்கடலைக் கப்பலில் கடந்து வந்தவை நான்கே. 1934-இல் இத்தாலியில் போட்டி நிகழ்ந்தபோது 16 இடங்கட்கு 32 நாடுகள் முன்வந்தன. ஆகவே தகுதிப் போட்டி தொடங்கிற்று. விருந்தளிக்கும் இத்தாலியும் அந்நாளில் கிரேக்க நாட்டோடு ஆடி வென்றே தன் வீட்டினுள் நுழைய வேண்டியதாயிற்று! மெக்சிகோவின் கதை அதனினும் இரங்கத்தக்கது. அமெரிக்க ஐக்கிய நாட்டோடு அது ஆடவேண்டிய தகுதி ஆட்டம், போட்டி தொடங்குதற்கு மூன்று நாள் முன்னர் உரோம் நகரிலேயே வைக்கப்பட்டது. கடல் கடந்து வந்த மெக்சிகோ 2-4 எனத் தோற்றது. திருவிழாவின் கொடி ஏறுமுன்னரே ஊர் திரும்பிற்று. அவ்வாண்டில் எகிப்து மட்டும் ஆப்பிரிக்காவினின்று தகுதி பெற்றுச் சென்று, அங்கேரியிடம் தோற்று மீண்டது. அதன்பின் முப்பத்தாறு ஆண்டுகள் ஆப்பிரிக்க அணி எதுவும் உலகக் கோப்பைத் திடலில் கால் வைத்ததில்லை.

ஆசியாவின் நிலையும் ஏறக்குறைய அத்தகையதே. 1950-ஆம் ஆண்டுப் போட்டிக்கு, தன் பிரிவில் இருந்த பர்மா, இந்தோனேசியா, பிலிப்பைன்சு ஆகியவை விலகிக்கொள்ளவே, இந்தியா ஓராட்டமும் ஆடாமல் தகுதி பெற்றது. ஆயினும், பிரேசில் நாட்டிற்கு நம் அணி செல்லவில்லை. வெறுங்காலால் ஆட இசைவு கிடையாமையே காரணம் என்னும் கதை பல்லாண்டு வழங்கிற்று. அன்றைய அணித்தலைவர் சைலன் மன்னா அதனைப் பிற்காலத்தில் மறுத்துள்ளார். நெடும்பயணமும், ஒலிம்பிக் போட்டிக்கே அந்நாளில் தரப்பட்ட பெருமதிப்பும் காரணங்களாகக் கூறப்படுகின்றன. திறந்து கிடந்த வாயில் அன்று நுழைவார் இன்றி நின்றது.

1958-ஆம் ஆண்டுப் போட்டியில் ஒரு புதுமை நிகழ்ந்தது. ஆசிய ஆப்பிரிக்கப் பிரிவில் இஸ்ரேலோடு ஆட வேண்டிய நாடுகள் அரசியல் காரணங்களால் ஒன்றன்பின் ஒன்றாக விலகின. ஓராட்டமும் ஆடாமல் ஒரு நாடு நுழைதல் தகாது என்று ஃபிஃபா கருதியது. எனவே, ஐரோப்பாவில் தகுதி இழந்து நின்ற அணிகளுள் ஒன்றைக் குலுக்கிப் போட்டு எடுத்தனர். வேல்சு நாட்டிற்கு அந்நல்வாய்ப்புக் கிட்டிற்று. அது இஸ்ரேலை இருமுறையும் 2-0 என வென்று, தோற்ற பின்னரும் தகுதி பெற்ற விந்தைக்கு உரியதாயிற்று. 1962-ஆம் ஆண்டுப் போட்டிக்கோ வேறொரு தடை எழுப்பப்பட்டது. ஆப்பிரிக்காவில் வென்ற மொராக்கோ ஸ்பெயின் நாட்டையும், ஆசியாவில் வென்ற தென்கொரியா யூகோசுலாவியாவையும் மேலும் வென்றாலன்றி இடமில்லை என்றனர். இரண்டும் தோற்றன. ஒரு கண்டம் முழுவதையும் வென்றவன், வாயிலருகே மற்றொரு கண்டத்தின் வல்லவனோடு மற்போர் புரிய வேண்டும் என்பது எத்தகைய நீதி?

இதற்குள் ஆப்பிரிக்கா மாறியிருந்தது. 1957-இல் கானா விடுதலை பெற்றது. 1960-ஆம் ஓராண்டில் மட்டும் பதினேழு ஆப்பிரிக்க நாடுகள் விடுதலை எய்தின. 1957-லேயே எகிப்து, சூடான், எதியோப்பியா முதலிய நாடுகள் சூடானின் தலைநகரான கார்ட்டூமில் கூடி, ஆப்பிரிக்கக் கால்பந்தாட்டக் கழகத்தைத் தோற்றுவித்தன. தென்னாப்பிரிக்காவும் அக்கூட்டத்தில் இருந்தது. ஆனால், வெள்ளையரையும் கறுப்பரையும் ஓரணியில் சேர்க்க அந்நாடு இணங்காமையால், கண்டத்தின் முதற் போட்டியிலேயே அதற்கு இடமளிக்கப்படவில்லை. கானாவின் தலைவர் குவாமே இங்க்ருமா, புதிய நாட்டின் பெருமையை உலகறியச் செய்யும் கருவியாகக் கால்பந்தாட்டத்தைக் கருதினார். ‘கருவிண்மீன்கள்’ என்னும் பொருள்படும் பெயருடைய கானா அணி, 1963-லும் 1965-லும் ஆப்பிரிக்க நாடுகளின் கோப்பையை வென்றது. ஐரோப்பாவில் நிகரற்று விளங்கிய ரியல் மாட்ரிட் அணியையே, 1962-இல் தன் தலைநகரான அக்ராவில் 3-3 எனச் சமநிலையில் நிறுத்திய அணி அது.

இந்நிலையில், 1964-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், இங்கிலாந்தில் நிகழவிருந்த 1966-ஆம் ஆண்டுப் போட்டிக்கு ஃபிஃபா இடங்களைப் பகுத்தது. மொத்தம் 16 இடம். அவற்றுள் ஐரோப்பாவிற்குப் பத்து, தென்னமெரிக்காவிற்கு நான்கு, வட, நடு அமெரிக்கப் பகுதிக்கு ஒன்று. எஞ்சிய ஒன்றே ஒன்று, ஆசியா, ஆப்பிரிக்கா, ஓசியானியா ஆகிய மூன்று பெருநிலங்கட்கும் பொதுவாம்! ஆப்பிரிக்காவில் வென்றோர், ஆசியாவின் வெற்றியாளரையும் வென்றாலன்றி இங்கிலாந்து செல்ல இயலாது. உலக மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர்க்கு ஒரு நாற்காலி, ஐரோப்பாவிற்கோ பத்து!

ஃபிஃபாவின் தரப்பிலும் ஒரு வாதம் இருந்தது. உலகக் கோப்பை என்பது சிறந்தோர் கூடும் அரங்கு. வலியற்ற அணிகளைச் சேர்த்தால் ஆட்டத்தின் தரம் தாழும் என்றனர். இவ்வாதம் முற்றிலும் பொய்யன்று. ஐரோப்பாவிலும் தென்னமெரிக்காவிலும் ஆட்டம் முதிர்ந்திருந்தது. ஏனைய நிலங்களில் அது இளம்பயிராகவே இருந்தது. ஆனால், குளத்தில் இறங்கவிடாமல் ஒருவனைக் கரையிலேயே நிறுத்திவிட்டு, ‘இவனுக்கு நீந்தத் தெரியாது’ என்று பழித்தல் முறையாகாது அன்றோ?

கானா நாட்டின் விளையாட்டுத் துறைத் தலைவராகவும், ஃபிஃபாவின் ஆட்சிக்குழு உறுப்பினராகவும் இருந்தவர் ஓஹெனே ஜான் என்பவர். அவர் தந்தி வாயிலாக ஃபிஃபாவிற்குத் தம் மறுப்பைத் தெரிவித்தார். எதியோப்பியாவின் தெசெமா யித்னெகாச்யூ அவர்க்குத் துணை நின்றார். இவர் தம் நாட்டணியில் தாமே ஆடிய வீரர்; பிற்காலத்தில் ஆப்பிரிக்கக் கழகத்தின் தலைவராய்ப் பதினைந்து ஆண்டு விளங்கியவர். அவர்கள் வேண்டியது பெரிதன்று. ஆப்பிரிக்காவிற்கென்று ஓரிடம், அவ்வளவே. நிறவெறி பாராட்டிய தென்னாப்பிரிக்காவை ஃபிஃபா 1961-இல் விலக்கிப் பின் 1963-இல் மீண்டும் சேர்த்துக்கொண்டதும் அவர்தம் உள்ளத்தைப் புண்படுத்தியிருந்தது. வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. ஆகவே, பெயர் கொடுத்திருந்த பதினைந்து ஆப்பிரிக்க நாடுகளும் ஒருசேர விலகின.

இம்முடிவின் கடுமையை ஆட்டக்காரர் நிலையினின்று நோக்குதல் வேண்டும். கால்பந்தாட்ட வீரனின் இளமை குறுகியது. இருபத்திரண்டில் மலர்ந்து முப்பத்திரண்டில் உதிர்வது அது. நான்காண்டுகட்கு ஒருமுறை வரும் அரங்கில், தன் வாழ்நாளில் ஒருமுறையோ இருமுறையோ ஆடும் வாய்ப்பே ஒருவனுக்குக் கிட்டும். அதனையும் விட்டுக்கொடு என்று அவனிடம் கூறப்பட்டது. பந்தைக் காலில் ஒட்டவைத்தாற்போல் கொண்டு செல்லும் திறனுடைய ஓசெய் கோஃபி முதலிய கானா வீரர், தம் திறன் உச்சத்தில் இருந்தபோது, இங்கிலாந்து செல்லாமல் வீட்டில் இருந்தனர். விலகியவர் இழந்தனர், பயனைத் துய்த்தவர் பின்வந்தோரே.

ஆப்பிரிக்கா விலகிற்று. தென்கொரியாவும் விலகிக்கொண்டது. தென்னாப்பிரிக்காவை ஃபிஃபா 1964-ஆம் ஆண்டு அக்டோபரில் மறுபடியும் விலக்கியது. ஆகவே, அவ்வொரே நாற்காலிக்கு எஞ்சியவை ஆஸ்திரேலியா, வடகொரியா ஆகிய இரண்டே. 1965-ஆம் ஆண்டு நவம்பரில் கம்போடியாவின் புனோம் பென் நகரில் இரண்டு ஆட்டங்கள் நிகழ்ந்தன. வடகொரியா 6-1 எனவும் 3-1 எனவும் வென்று இங்கிலாந்து சென்றது. அதனைப் பொருட்படுத்துவார் அங்கே எவரும் இலர். முதலாட்டத்தில் சோவியத்து அணியிடம் தோற்றது. சிலியோடு சமநிலை எய்தியது. 1966 ஜூலை 19-ஆம் நாள், மிடில்சுபரோ நகரில், இருமுறை கோப்பை வென்ற இத்தாலியைப் பாக் தூ-இக் என்பவர் அடித்த ஒரு கோலால் 1-0 என வீழ்த்தியது. கால்நிலை ஆட்டத்தில் போர்ச்சுகலை எதிர்த்து, இருபத்தைந்து நிமிடத்திற்குள் 3-0 என முன்னணியில் நின்றது! தகுதியற்றோர் எனத் தள்ளப்பட்ட கண்டங்களின் ஒரே பேராளன் அவ்வணி என்பதை எண்ணுங்கால், அந்த இருபத்தைந்து நிமிடம் ஃபிஃபாவின் வாதத்திற்கு எத்தகைய விடையாயிற்று என்பது விளங்கும்.

அப்போது போர்ச்சுகல் அணியினின்று ஒருவர் எழுந்தார். தனியொருவராய் நான்கு கோல் அடித்து, ஆட்டத்தை 5-3 எனத் தம் பக்கம் திருப்பினார். அப்போட்டி முழுவதிலும் ஒன்பது கோல் அடித்து முதன்மை பெற்றவரும் அவரே. அவர் பெயர் யுசேபியோ. அவர் பிறந்த ஊர் யாது? போர்ச்சுகல் அன்று; அந்நாளில் அதன் ஆட்சியில் இருந்த கிழக்காப்பிரிக்க நாடாகிய மொசாம்பிக்கின் தலைநகர். ஆப்பிரிக்கா வாராத அத்திருவிழாவின் தலைசிறந்த கோல் வீரர் ஆப்பிரிக்க மண்ணின் மைந்தர்!

விலகிய நாடுகளின் குரல் வீண்போகவில்லை. 1970-ஆம் ஆண்டுப் போட்டிக்கு ஆப்பிரிக்காவிற்குத் தனியே ஓரிடமும், ஆசியா ஓசியானியா இரண்டிற்குமாக ஓரிடமும் ஒதுக்கப்பட்டன. ஆப்பிரிக்காவின் அவ்விடத்தைப் பெறும் வழியில் மொராக்கோவும் துனிசியாவும் மோதின. முதலாட்டம் 0-0, இரண்டாவதும் 0-0, பொது இடமாகிய மார்செய் நகரில் நிகழ்ந்த மூன்றாவது 2-2. கூடுதல் நேரம் ஆடியும் முடிவு காணாமையால் நாணயம் சுண்டினர். மொராக்கோ வென்றது. எத்துணை ஆண்டுப் போராட்டத்தின் விளைவு, எவ்வளவு சிறிய நாணயத்தின் மீது நின்றது! பிற்காலத்தில் நாணயத்தை விடுத்து, தண்ட உதைகளால் முடிவு காணும் முறை வந்தமை வரவேற்கத்தக்கதே.

வாயில் திறந்தபின்னும் வழி மலர்ப்பாதையாய் இருந்ததில்லை. 1974-இல் ஸயர் என வழங்கிய காங்கோ, யூகோசுலாவியாவிடம் 0-9 எனத் தோற்றபோது, பழைய வாதம் மீண்டும் தலைதூக்கிற்று. 1978-இல் துனிசியா மெக்சிகோவை 3-1 என வென்று அதற்கு விடையளித்தது. 1974-இல் ஃபிஃபாவின் தலைவர் பதவிக்கு நிகழ்ந்த தேர்தலில், பிரேசில் நாட்டினராகிய ஜோவோ ஆவலாஞ்சு ஆப்பிரிக்க ஆசிய நாடுகளின் ஆதரவையும் பெற்று வென்றார். இடங்களைப் பெருக்குவேன் என்பது அவர் தந்த உறுதிமொழிகளுள் ஒன்று. அரங்கில் ஒரு நாற்காலி மறுக்கப்பட்டவர்க்கு வாக்குச்சீட்டு மறுக்கப்படவில்லை என்பதை ஐரோப்பா அன்று உணர்ந்தது. 1982-இல் நாடுகள் 24 ஆயின. ஆப்பிரிக்காவிற்கு இரண்டிடம் கிட்டிற்று. அவ்வாண்டு அல்ஜீரியா மேற்கு ஜெர்மனியை 2-1 என வென்றது. ஆயினும், பிரிவின் இறுதியாட்டத்தில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும், இருவர்க்கும் போதுமான 1-0 என்னும் நிலை வந்ததும் பந்தை அங்குமிங்கும் உருட்டிப் பொழுது போக்கின. முந்திய நாளே தன் ஆட்டங்களை முடித்திருந்த அல்ஜீரியா கையறு நிலையில் வெளியேறிற்று. பிரிவின் இறுதியாட்டங்கள் இரண்டும் ஒரே நேரத்தில் தொடங்குதல் வேண்டும் என்னும் இன்றைய விதி, அல்ஜீரியாவின் கண்ணீரில் விளைந்ததே.

1990-இல் கேமரூன், முன்னைக் கோப்பையை வென்ற அர்ஜென்டினாவை வீழ்த்திக் கால்நிலை வரை சென்றது. அடுத்த போட்டியில் ஆப்பிரிக்காவின் இடங்கள் மூன்றாயின, 1998-இல் ஐந்தாயின. 2022-இல், நாணயத்தால் முதல் வாய்ப்புப் பெற்ற அதே மொராக்கோ, ஸ்பெயினையும் போர்ச்சுகலையும் அடுத்தடுத்து வென்று அரையிறுதி எய்தியது. 2025 அக்டோபரில், ஏறத்தாழ ஐந்து லட்சம் மக்களே வாழும் கேப் வெர்டே என்னும் தீவு நாடு, தன் பிரிவில் காமரூனைப் பின்தள்ளி, 2026-ஆம் ஆண்டுப் போட்டிக்குத் தகுதி பெற்றது.

கானாவோ நெடுங்காலம் காத்திருந்தது. விலகுவோம் என்று முதற்குரல் எழுப்பிய அந்நாடு, பிறர் பலர் நுழைந்த பின்னரும் தகுதிப் போட்டிகளில் தோற்றுத் தோற்று நின்றது. இறுதியில் 2006-இல், ஜெர்மனியில் நிகழ்ந்த உலகக் கோப்பையில், கருவிண்மீன்கள் முதன்முறையாகக் களம் புகுந்தன. செக் நாட்டையும் அமெரிக்க ஐக்கிய நாட்டையும் வென்று அடுத்த சுற்றுக்கும் சென்றன. 1964-இல் இருபத்திரண்டு வயதினராய் இருந்த கானா வீரர், அன்று அறுபத்துநான்கு வயது முதியோர்.